ஒரு ஆணி போதும் என்றேன்

தோல் வார் கோணாமல் அறுக்க, பலகையில் பிளேடும் பக்கத்தில் மரச்சட்டமும் பொருத்தி நானே ஒரு கருவி செய்திருந்தேன். மந்தாரக்குப்பத்தில் வேறு எந்தச் செருப்புக் கடையிலும் அது கிடையாது.

ஒரு பெண் அடிக்கடி வந்து, எதுவும் வாங்காமல் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். பண்ருட்டிக் கடைக்காரர் யாரோ வேவு பார்க்க அனுப்பிய ஆள் என்றே நினைத்தேன்.

“இந்தச் சட்டத்த எப்படிண்ணா நிறுத்துனீங்க?” என்று ஒருநாள் கேட்டார்.

“ஒரு ஆணி போதும்மா.”

இரண்டு திருகாணி போட்டு இறுக்காவிட்டால் சட்டம் நகரும், வார் கோணலாகும். தெரிந்தேதான் சொன்னேன்.

அடுத்த வாரம் கணவரைத் தாங்கிப் பிடித்தபடி வந்தார். விபத்தில் அடிபட்ட அவர் காலில் இரும்புப் பட்டை. அதைக் கட்டியிருந்த கோணல் வார் உரசி, கெண்டைக்கால் புண்ணாகியிருந்தது.

“வேர்வைல வார் சீக்கிரமே இத்துப்போவுதுண்ணா. நீங்க சொன்ன மாதிரியே பலகை செஞ்சு நானே அறுத்துக்கினா ஆவும்னு பார்த்தேன். என் கைதான் சரியில்ல போல.”

“உங்க கை இல்லம்மா. நான்தான் வேணும்னே தப்பாச் சொன்னேன்.”

கணவர், “இப்பவாச்சும் சரியாச் சொல்லுங்க” என்றார்.

சொன்னேன். அவர்கள் எடுத்துவந்திருந்த பலகையில் நானே திருகாணிகளை இறுக்கிக் கொடுத்தேன்.

இப்போதும் யாராவது கருவியை உற்றுப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரத்தான் செய்கிறது. ஆனால், எதற்கு வேண்டும் என்று முதலில் கேட்டுவிடுகிறேன்.