நாற்பது செம்மறிக்கு ஒரு மேஸ்திரி

"ஏனுங் மேஸ்திரி, கெளம்பலாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் செங்கோடன் பட்டியின் படலைத் திறக்கிறார். உள்ளே நிற்கும் நாற்பது சொச்சம் செம்மறிகளிடம் அவர் அனுமதி கேட்பதில்லை. கேள்வி, ஓரமாக நின்று வேப்பந்தழை கடிக்கும் ஒரேயொரு வெள்ளாட்டுக் கிடாய்க்கு உரியது. கிடாய் தழையை விழுங்கி முடிக்கும்வரை படலைப் பிடித்தபடியே காத்திருப்பார். அது வெளியே கால் வைத்த பின்புதான் செம்மறிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வெளியேறும். அவற்றிடம் அவருக்கு மரியாதைச் சொல் எதுவும் கிடையாது. "நட சனியனே", "தலையெத் தூக்குடி" என்பதோடு சரி.

காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில், நெடுஞ்சாலைக்கு வடக்கே அவருடைய வீடு இருக்கிறது. வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். மடித்துக் கட்டிய கட்டம்போட்ட லுங்கி, தலையில் துண்டு, தோளில் உரச்சாக்குப் பை. கைப்பேசியைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு ரப்பர் பேண்டால் சுற்றி வைத்திருப்பார். அழைப்பு வந்தால் கவரைப் பிரிக்காமல் அதன் மேலேயே விரலைத் தேய்த்துப் பேசுவார். கையில் தொரட்டி. செம்மறி மேய்ப்பவருக்குத் தொரட்டி தேவையில்லை. செம்மறி தலை குனிந்து புல்லைத் தின்னும். உயரத்தில் இருக்கும் தழையை இழுத்துப் போட வேண்டியது வெள்ளாட்டுக்குத்தான். ஆகவே அந்த நீளக் கோல் முழுவதும் ஒற்றை ஆட்டின் பொருட்டு நாள்தோறும் சுமக்கப்படுகிறது. அவர் டீ குடிக்கும் சாலையோர பேக்கரியில், முந்தின நாள் வாழைப்பழத் தோலைக் கிடாய்க்கென்று எடுத்து வைத்திருப்பார்கள்.

இந்தக் கிடாய் அவருடைய மைத்துனர் அந்தியூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த குட்டி. தாயில்லாமல் வந்ததால் ஒரு செம்மறியிடம் பால் குடித்து வளர்ந்தது. கறுப்பு உடல், ஒரு காது மட்டும் வெள்ளை. மந்தைக்கு முன்னால் நடக்க அதற்கு யாரும் கற்றுத்தரவில்லை. வளர்ந்ததும் தானாக முன்னால் போயிற்று, மற்றவை பின்னால் போயின. அன்றிலிருந்து அது மேஸ்திரி. மேய்ச்சல் நிலம் நெடுஞ்சாலைக்குத் தெற்கே இருப்பதால், காலையிலும் மாலையிலும் மந்தை நான்குவழிச் சாலையைக் கடந்தாக வேண்டும். "செம்மறிக்கு முன்னால போறதோட வாலுதானுங் தெரியும். ரோடு தெரியாதுங். இவருக்கு ரோடு தெரியுமுங்" என்பது செங்கோடனின் விளக்கம்.

அவருடைய மனைவி முத்தாத்தாள் தேங்காய்க் களத்தில் கொப்பரைப் பருப்புக் காயவைக்கும் வேலைக்குப் போகிறார். கணவரின் மரியாதைப் பேச்சைப் பற்றி அவருக்கு ஒரு கருத்து உண்டு. "நான் ஊட்டுக்கு வந்து முப்பது வருசமாச்சுங். ஒரு நாளு 'வாங்க'ன்னது இல்லெ. நாலு கால்ல நடந்தா எனக்கும் 'ங்க' போடுவாருன்னு நெனைக்கிறனுங்."

மேய்ச்சல் நிலத்தை இப்பகுதியில் கொறங்காடு என்பார்கள். மழையை மட்டும் நம்பிப் புல் முளைக்கும் தரை. சுற்றிலும் முள்ளுள்ள கிளுவைச் செடிகளை நெருக்கமாக நட்டு வளர்த்த உயிர்வேலி. புல்லைச் செம்மறி தின்னும், வேலியைத் தொடாது. வெள்ளாடு முதலில் வேலியைத்தான் தின்னும். இதனால் கொறங்காட்டைக் குத்தகைக்கு விடுபவர்கள் செம்மறிக்கு மட்டும் என்று வாய்மொழியாகச் சொல்லியே விடுகிறார்கள். செங்கோடனுக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டது. வீடும் பட்டி போடும் இடமும் தவிர அவருக்குச் சொந்த நிலம் இல்லை. கொறங்காடு கைவிட்டுப் போனால் மந்தையை விற்பதைத் தவிர வழியில்லை.

சென்ற ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிலத்தின் உரிமையாளர் கிருபாசங்கர் வந்தார். கோவையில் பம்ப்செட் உதிரிபாகத் தொழில் நடத்துபவர். காரை வெளியே நிறுத்திவிட்டு வேலியை ஒட்டியே நடந்தார். தென்கிழக்கு மூலையில் கிளுவை இடுப்புயரத்துக்கு மொட்டையாகி, ஒரு நாய் நுழையும் அளவுக்குச் சந்து விழுந்திருந்தது. தெருநாய்கள் புகுந்து ஆடுகளைக் குதறுவது அடிக்கடி நடக்கும் வட்டாரத்தில் அது சிறிய சந்து அன்று.

"ஏனுங்ணா, வேலியெ ஆருங்க தின்னது?"

"காத்துக்கு ஒடிஞ்சிருக்குமுங் தம்பி."

"காத்துக்குப் பல்லு இருக்குதுங்களா?"

செங்கோடன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சற்றுத் தள்ளி மேஸ்திரி, முன்னங்கால்களை வேலிமேல் ஊன்றி நிமிர்ந்து நின்று, நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

"செம்மறின்னு சொல்லித்தானுங்ணா காட்டெக் கேட்டீங்க" என்றார் கிருபாசங்கர். குரல் உயரவில்லை. "தை பொறக்கறதுக்குள்ள இவரெ அனுப்பிப்போடுங்க. இல்லீனா காட்டெ ரூபனுக்கு உட்டுருவேனுங். அவருகிட்ட வெறுஞ்செம்மறிதானுங்."

செய்தி அன்று மாலையே பரவியது. மறுநாள் காலையில் ஆட்டு வியாபாரி கரீம் பாய் மொபெட்டில் வந்து வாசலில் நின்றார்.

"மேஸ்திரிக்கு ரிட்டயர்மெண்ட் குடுத்துருங்கண்ணா. நல்ல எடமாப் பாத்து அனுப்பி வெக்கிறேன்."

"நீங்க அனுப்பற எடம் எனக்குத் தெரியுமுங் பாய். பிரியாணிக் கடைக்கு எதுக்குங் மேஸ்திரி?"

"இல்லீங்ணா, நெறைய பேரு விரும்பிக் கேப்பாங்க."

"அதுதானுங் எனக்கும் பயம்."

கரீம் பாய் சிரித்துக்கொண்டே போய்விட்டார். முத்தாத்தாள் சிரிக்கவில்லை. "காடு போச்சுன்னா அல்லாத்தையும் அவருகிட்டத்தான் புடிச்சுக் குடுக்கோணும். ஒண்ணெக் குடுத்தா நாப்பது நிக்குமுங்க" என்றார். செங்கோடன் கிடாயின் கழுத்து மணியை அவிழ்த்து, மந்தையிலேயே பெரியதான செம்மறிக் கிடாயின் கழுத்தில் கட்டினார். மேஸ்திரி, வீட்டு வேம்பில் கட்டப்பட்டது. மணி முன்னால் போனால் மந்தை பின்னால் போகும் என்பது அவருடைய கணக்கு.

சாலை வரைக்கும் கணக்குச் சரியாக இருந்தது. மணி கட்டிய செம்மறி தார்ச்சாலையில் இறங்கிப் பாதி தூரம் போய் நின்றுவிட்டது. பின்னால் வந்தவை ஒன்றன் வயிற்றுக்கடியில் மற்றொன்று தலையைச் செருகிக்கொண்டு அதைச் சுற்றி வட்டமாக நின்றன. செங்கோடன் பின்னாலிருந்து தள்ளினார், முன்னால் ஓடி இழுத்தார், தொரட்டியைத் தரையில் அடித்தார். வட்டம் இன்னும் நெருங்கியது. தேங்காய் ஏற்றிய லாரி ஒன்றும், கரூர்ப் பேருந்தும், அதன் பின்னால் வரிசையாகக் கார்களும் நின்றன. பேருந்து ஓட்டுநர் வெளியே எட்டிப் பார்த்து, "ஏனுங் பெரியவரே, மாநாடு எப்ப முடியுமுங்?" என்று கேட்டார். பயணிகள் கைப்பேசியில் படம் எடுத்தார்கள்.

ஹாரன் சத்தம் கேட்டு முத்தாத்தாள்தான் மேஸ்திரியைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு வந்தார். துல்லியமாகச் சொன்னால் மேஸ்திரி அவரை இழுத்துக்கொண்டு வந்தது. கிடாய் வட்டத்தைத் தாண்டித் தெற்கே நடந்ததும், செம்மறிகள் தலைகளை உருவிக்கொண்டு அதன் பின்னால் போயின. மணி கட்டிய செம்மறி கடைசியில் போயிற்று.

விற்பதைப் பற்றி அதன் பிறகு முத்தாத்தாள் பேசவில்லை. பொழுது சாய்ந்ததும் பக்கத்துத் தோட்டத்து மாட்டுக்கொட்டகைக்குப் போய், கன்றுக்குட்டி மண் தின்னாமலிருக்க மாட்டுகிற கயிற்று வாய்க்கூடு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். கணவரின் முன்னால் அதைப் போட்டு, "உங்க மேஸ்திரிக்கு அளவு சரியா இருக்குதான்னு பாருங்க" என்றார்.

செங்கோடன் கிருபாசங்கரை அழைத்துப் பேசினார். கிடாய் முன்னால் நடக்கும், ஆனால் கொறங்காட்டுக்குள் வாய் திறக்காது என்பது ஏற்பாடு. "தை வரைக்கும் பாக்கறனுங்ணா. ஒரு நாளு கூடு இல்லாமெப் பாத்தாலும் அத்தோட முடிஞ்சுதுங்" என்று மறுமுனை ஒப்புக்கொண்டது.

அன்றிலிருந்து கொறங்காட்டுப் படலுக்கு வெளியே நாள்தோறும் ஒரு சடங்கு நடந்துவருகிறது. செங்கோடன் குனிந்து, "சித்தெ பொறுத்துக்கோங்" என்று சொல்லிக் கூட்டை மாட்டுவார். உச்சிப்பொழுதில் கிடாயை மட்டும் வெளியே அழைத்து வந்து கூட்டைக் கழற்றி, தொரட்டியால் வேலமரக் கிளைகளை இழுத்துப் போடுவார். மறுபடி கூடு, மறுபடி உள்ளே. முதல் வாரம் மேஸ்திரி கூட்டைக் கல்லில் தேய்த்துப் பார்த்தது. பிறகு வேலியைப் பார்த்தபடி நின்றே பொழுதைப் போக்கியது. விலா எலும்பு சற்றுத் தெரிய ஆரம்பித்தது. செங்கோடன் தம் சோற்றுத் தூக்குப்போசியைத் திறக்கும்முன் பனைமரத்துக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறார். "அவரு பாக்க நாம திங்கறது மருவாதி இல்லீங்."

குத்தகைக்குக் காத்திருந்த ரூபன் வயதில் இளையவர். தம் செம்மறிகளோடு அவ்வழியே போகும்போதெல்லாம் வேலிக்கு வெளியே நின்று விசாரிப்பார்.

"ஏனுங் மாமா, மேஸ்திரிக்கு இன்னும் கொரோனா போகலீங்களா?"

"உன்ற வாய்க்குத்தான் மாப்ளே மொதல்ல போட்டிருக்கோணும்."

"எனக்குப் போட்டா காட்டெ ஆருங் பேசி முடிக்கறது? தை வருதுங்க மாமா."

"வந்தா பொங்கலு வெச்சுத் திம்போம். நீ நட."

மார்கழிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கிருபாசங்கர் சொல்லாமல் வந்தார். தென்கிழக்கு மூலையிலிருந்து தொடங்கி வேலியை முழுச்சுற்று நடந்தார். சந்தில் செங்கோடன் வைத்து அடைத்திருந்த இலந்தை முள்ளுக்குப் பின்னால் கிளுவை தளிர்த்து, முள்ளை மூட ஆரம்பித்திருந்தது. கிருபாசங்கர் கிளைகளைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். குனிந்து கடிபட்ட தடம் தேடினார். செங்கோடன் நான்கடி பின்னால், துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு தொடர்ந்தார். சுற்று முடிந்ததும் இருவரும் மேஸ்திரியின் முன்னால் வந்து நின்றார்கள்.

"நெசமாலுமே தெனமும் போடறீங்களா?"

"உங்க கண்ணு முன்னாலதான நிக்கறாருங்."

கிருபாசங்கர் வாய்க்கூட்டைத் தொட்டுப் பார்த்தார். தலையை ஆட்டினார். சிரிப்பு வந்துவிட்டது.

"செரிங்ணா. தையிலிருந்து நீங்களே மேய்ச்சுக்குங்க. ஆனா ஒரு தழை கொறஞ்சாலும் எனக்குத் தெரிஞ்சுபோகுமுங்."

"தெரியாமெ இருக்குங்களா தம்பி."

கார் தார்ச்சாலையில் ஏறி மறையும்வரை செங்கோடன் கும்பிட்ட கையை இறக்கவில்லை. அதன் பிறகு தனியாக வேலியை ஒட்டி நடந்தார். பத்தடிக்கு ஒன்றாக, வெளியிலிருந்து தெரியாத உட்பக்கத்தில், கிளுவைக் கொழுந்துகளை நகத்தால் கிள்ளி உள்ளங்கையில் சேர்த்தார். கை நிறைந்ததும் மேஸ்திரியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, கூட்டை அவிழ்க்காமல், கயிற்றுக் கண்களின் வழியே ஒவ்வொரு கொழுந்தாக உள்ளே நுழைத்தார்.