டிவியில் வராத கிறிஸ்துமஸ் கதை

இருதயநாதன் எங்கள் தொழிற்சாலையில் வெல்டர். கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் முதலில் டிவி வாங்கிய மனுஷன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தியில் ஒரு விண்வெளித் தொடர் வரும். பூமிக்குத் திரும்ப வழி தெரியாமல் ஒரு கப்பல் வானத்தில் அலைந்துகொண்டே இருக்கும். அவரும், எங்களோடு வேலை பார்த்த அழகிரியும், நானும் ஒரு வாரம் விட்டதில்லை. மூன்று பேருக்கும் இந்தி சுத்தமாகத் தெரியாது. அதனால் தொடர் அரை மணி நேரம், அதில் என்ன நடந்தது என்கிற சண்டை மத்தியானச் சோறு வரைக்கும். அழகிரி சொன்னதை நான் ஒத்துக்கொண்டதாகச் சரித்திரமே கிடையாது. அவன் வாயைத் திறந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "வேற வேலையே இல்லையா இவங்களுக்கு" என்று அவர் மனைவி லூர்துராணி அண்ணி அடுப்படியிலிருந்து முணுமுணுப்பார்.

எண்பத்தேழில் இருதயநாதனுக்கு இரண்டு கிட்னியும் போயிற்று. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். குடியா, பீடியா, ஒரு பழக்கம் கிடையாது. கடவுளுக்குக் கண் இல்லை என்று நான் சர்ச் வாசலிலேயே நின்று திட்டினேன். அவர் திட்டவில்லை. கிறிஸ்துமஸ் அன்று அந்தத் தொடர் சிறப்பு நிகழ்ச்சியாக வரும், கப்பல் ஊர் திரும்புமா என்று அதில் தெரிந்துவிடும் என்று பேப்பரில் போட்டிருந்தது. "அதைப் பாத்துட்டாப் போதும்ப்பா, நிம்மதியாப் போயிடுவேன்" என்றார்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் முதலமைச்சர் இறந்துபோனார். ஊரே இழவு வீடாயிற்று. பஸ் இல்லை, கடை இல்லை. டிவியில் சோக இசையும் இறுதி ஊர்வலமும்தான். தலையணையில் சாய்ந்தபடி இருதயநாதன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரோடு சேர்ந்து அழுவதா, இவருக்காக அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

பஸ் ஓட ஆரம்பித்த அன்று அழகிரியும் நானும் பேசி வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம்.

"டெல்லில என் மச்சான் பாத்தானாம்ண்ணே. போன்ல சொன்னான். கப்பல் வந்து எறங்கிடுச்சாம்" என்றான் அழகிரி.

"ஆமாண்ணே, எறங்கிடுச்சாம்" என்றேன் நான்.

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். முகம் வீங்கிக் கண் சின்னதாகியிருந்தது.

"அவன் சொல்றதுக்கு நீ என்னைக்குடா ஆமாம் போட்டே?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"சரி, விடு. எறங்கினவன் எங்க போனான்?"

அதை நாங்கள் யோசித்து வைத்திருக்கவில்லை. கதவோரம் நின்ற அண்ணிதான், ஒரு வாரம்கூட அந்தத் தொடரைப் பார்க்காதவர், பதில் சொன்னார்.

"வீட்டுக்குத்தாங்க போனாரு. பொண்டாட்டி சோறு போட்டா."

"என்ன கொழம்பு?"

"கருவாட்டுக் கொழம்பு."

"உப்புப் போட்டாளா?"

டாக்டர் சொல்லி, மாதக்கணக்கில் அவருக்கு உப்பில்லாச் சோறுதான். அண்ணி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"கைநெறைய அள்ளிப் போட்டாங்க" என்றார்.

இருதயநாதன் கண்ணை மூடிக்கொண்டு மெல்லச் சப்புக்கொட்டினார். பொங்கலுக்குள் போய்விட்டார்.