சிவப்பு ஒயரும் பைக் சாவியும்

ஒருவர் ஆசையோடு எதிரில் நின்றால் எனக்கு 'இல்லை' என்று சொல்ல வராது. அந்தக் கூச்சத்தால் ஓர் உயிரோடு விளையாடிவிட்டேன்.

பெரியநாயக்கன்பாளையம் பக்கம் முதியோர் குடியிருப்பு ஒன்றில், எரியாத நீச்சல் குளக் கேஸ் ஹீட்டரைப் பழுது பார்க்கப் போயிருந்தேன். குழாயில் தண்ணீர் ஓடினால்தான் ஹீட்டரை எரியவிடும் பாதுகாப்பு சுவிட்ச் ஒன்று அதில் உண்டு. அதன் இரு முனைகளையும் சிவப்பு ஒயரால் இணைத்துப் பார்த்தேன். உடனே எரிந்தது. பழுது அந்தச் சுவிட்சில்தான்.

ஒயரைக் கழற்றப் போகும்போது ஓர் அம்மா துண்டோடு வந்து, குளத்தில் தண்ணீர் விழும் இடத்தில் கை வைத்தார்.

"சூடா வருதுங்க தம்பி. முட்டி வலிக்கு இதுதானுங்க மருந்து. பத்து நாளா ரூமுக்குள்ளயே தனியாக் கெடந்தேன்."

நாளை புது சுவிட்ச் போட்டுக்கொள்ளலாம் என்று, ஒயரை அப்படியே விட்டு மூடியை மாட்டிக் கிளம்பிவிட்டேன்.

துடியலூர் வந்தபோதுதான் செய்தது உறைத்தது. தண்ணீரை ஓட்டும் மோட்டார் நின்றாலும் அந்தச் சுவிட்ச் இனி ஹீட்டரை நிறுத்தாது. தேங்கிய தண்ணீர் கொதித்து ஹீட்டரே வெடிக்கலாம். பைக்கைத் திருப்பினேன்.

ஹீட்டரை அணைத்து, ஒயரைக் கழற்றி, குளத்தில் இருந்த அந்த அம்மாவிடம் செய்ததைச் சொன்னேன்.

அவர் படியேறி வெளியே வந்து துண்டைப் போர்த்திக்கொண்டார். பிறகு, "முதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க தம்பி? முட்டி வலிக்கறதுக்காச்சும் ஆளு உசுரோட இருக்கோணுமில்லீங்க" என்றார்.

இப்போதெல்லாம் சோதனைக்கு அந்த ஒயரை மாட்டும்போது, என் பைக் சாவியை அதில் கோத்துவிடுகிறேன். வீட்டில் எனக்காகக் காத்திருப்பவர் யாருமில்லை. இருந்தாலும் ஒயரைக் கழற்றாமல் நான் வீடு திரும்ப முடியாது.