சகலையை முந்துவதற்காக ஓர் இன்ஜின்

ஒரு வருடம் முழுக்கக் கறுவிக்கொண்டே கார் ஓட்டியவன் நான். என் சகலைமேல், அதாவது மனைவியின் அக்கா கணவர்மேல், அத்தனை ஆத்திரம்.

மனைவியின் ஊர் கொள்ளேகால் பக்கம். சிவராத்திரி முடிந்ததும் அவர்கள் குடும்பம் மொத்தமும் மாதேஸ்வரன் மலைக்குப் போகும். நாங்கள் மைசூரிலிருந்து போய்ச் சேர்ந்துகொள்வோம். அந்த முறை என் பழைய டீசல் காரில் ஆறு பேர், போதாததற்கு மூட்டைகள். மூன்றாவது வளைவில் வண்டி திணறி நின்றுவிட்டது. பின்னால் புதுக்காரில் வந்த சகலை கண்ணாடியை இறக்கினார்.

"என்னங்க சகலை, ரெண்டு மாடு கட்டி இழுத்துரலாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அதையாவது பொறுத்திருப்பேன். என் மனைவி இறங்கிப்போய் அவர் காரில் ஏறினாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அவள் போன பிறகு வண்டி எப்படியோ தட்டுத்தடுமாறி ஏறியது. வீடு திரும்பிய நாளிலிருந்து அவளிடம் தேவைக்கு மட்டும்தான் பேசினேன். ஏன் என்று அவள் கேட்டபோதெல்லாம் ஒன்றுமில்லை என்றேன்.

அடுத்த சிவராத்திரிக்குப் பத்து நாள் இருக்கும்போது, உடைக்க வந்த ஒரு ஜீப்பின் பெரிய டீசல் இன்ஜின் என் காருக்குக் கிடைத்தது. மெக்கானிக் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இன்ஜின் உள்ள உக்காரும் சார். ஆனா இதுக்கு ஏத்த ரப்பர் மவுண்டிங் வர்றதுக்கு ஒரு மாசம் ஆகும். அவசரம் பேடா, வேணாம் சார். ரப்பர் இல்லாம இரும்புமேலயே முடுக்கினா வண்டி பூரா உதறும்."

"உதறினா உதறட்டும். மலை ஏறுமா?"

"பறக்கும் சார்."

அது போதும் எனக்கு.

கிளம்பிய அன்று கதவு, கண்ணாடி, சீட் எல்லாமே தடதடத்தன. மனைவி இடுப்பைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். நான் அந்தச் சத்தத்தைப் பாட்டுக் கேட்பதுபோல ரசித்தேன். மலையில் சகலையின் கார் முன்னால் தெரிந்தது. வளைவுகளுக்கு நடுவே நேராக ஒரு துண்டுச் சாலை வந்ததும், விடாமல் ஹாரன் அடித்து முந்தினேன். அவர் முகம் கறுக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். மனிதர் சிரித்துக்கொண்டே கையாட்டி வழிவிட்டார். போட்டி நடப்பதே அவருக்குத் தெரியாது! அதற்கும் சேர்த்து எரிச்சல் வந்தது.

மேலே போய் இறங்கியதும் மனைவியிடம் கேட்டே விட்டேன். "இப்ப சொல்லு, எது வண்டி? போன வருஷம் அவர் கார்ல ஓடிப்போய் ஏறினியே!"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, இதுக்குத்தானா ஒரு வருசமா எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசுல? ஒரு ஆளு கனம் கொறைஞ்சா உங்க வண்டி ஏறீரும்னுதானுங்க எறங்குனேன். அவரு சிரிச்சது எனக்கு மட்டும் புடிச்சுதுங்களா?"

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. இடுப்பில் கைவைத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி கோயில் வரிசையை நோக்கி நடந்தாள். சகலை வந்து என் தோளில் தட்டி, "என்னா இழுவைங்க சகலை!" என்று மனசாரப் பாராட்டினார். அவருக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. நான் பழிவாங்கியிருந்தது அவளைத்தான்.