கல்திட்டைக் காடும் எல்லைக்கல்லில் விடாத செருப்பும்

மலை ஏறாமல், மூச்சு வாங்காமல் நடக்கக்கூடிய இடங்களை மட்டும்தான் இங்கே எழுதுவேன் என்பது தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் திண்டுக்கல்லில் ரவிக்கை தைக்கிறவள். நடையெல்லாம் எனக்காக இல்லை, என் வீட்டுக்காரருக்காக. போன ஐப்பசியில் அவருக்கு நெஞ்சுவலி வந்து, மதுரைக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தோம். "தினமும் நடக்க விடுங்கம்மா, பொத்திப் பொத்தி வைக்காதீங்க" என்று சொல்லித்தான் டாக்டர் அனுப்பினார். பொத்தி வைக்காமல் இருப்பது எப்படி என்று அவர் சொல்லித் தரவில்லை. இவர் தூங்கினால் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் கதவைத் தட்டுகிறேன். "உள்ளதான்டி இருக்கேன், இன்னும் சாகல!" என்று உள்ளிருந்து கத்துவார். கத்தினால் எனக்கு நிம்மதி.

மாசி மாதம் ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்த ஒரு பெண்தான் இந்தக் காட்டைச் சொன்னாள். கொடைரோட்டிலிருந்து சிறுமலை அடிவாரம் பக்கமாகப் போனால் ஒரு கோயில்காடு, அதற்குள் பழைய காலத்துக் கல்திட்டைகள், தரை அம்புட்டும் சமம், வெயிலே இறங்காது என்றாள். கல்திட்டை என்றால் மூன்று பக்கம் பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடியாகப் போட்டிருப்பார்கள். இரும்பு புழங்க ஆரம்பித்த காலத்தில் செத்தவர்களுக்காகக் கட்டியது என்கிறார்கள். ஊர்ப் பெயரை நான் எழுதவில்லை. ஏன் என்பது கடைசியில் புரியும்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் ஆறரைக்கு மதுரை வண்டி ஏறினோம். எல்லா வண்டியும் கொடைரோட்டுக்குள் போகாது, நடத்துநரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பிடித்தோம். ஒன்பது கிலோமீட்டர்தான், போக வர நானூறு ரூபாய் பேசினோம். வழி முழுக்க மல்லிகைத் தோட்டம். வாசனையை இழுத்து இழுத்து மூச்சு விட்டார் இவர். அவ்வளவு வேகமாக மூச்சு விடலாமா என்று எனக்குக் கவலை.

ஆட்டோக்காரர் மண் ரோடு முடிகிற இடத்தில் இறக்கிவிட்டார். அங்கே இடுப்பு உயரத்துக்கு ஒரு கல், மஞ்சள் பூசி நின்றது.

"இதுதாம்மா எல்லக்கல்லு. செருப்ப இங்கனயே விட்ருங்க. கால்லயும் போடக்கூடாது, கையிலயும் கொண்டு போகக்கூடாது."

"கையில கொண்டு போனா என்னப்பா?" என்று கேட்டார் என் கணவர்.

"அது தெரியலண்ணே. அப்புடித்தான் பழக்கம். பத்து மணிக்கு வாரேன்." வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

கல்லடியில் பார்த்தேன். ஒரு செருப்புகூட இல்லை. எனக்கு உடனே சுருக்கென்றது. திருவிழாக் கூட்டத்தில் மூன்று முறை செருப்பைப் பறிகொடுத்து, கொதிக்கிற தார் ரோட்டில் வீடு வந்தவள் நான். கோயிலுக்குப் போனால் ஒரு செருப்பை இந்த மூலையிலும் இன்னொன்றை அந்த மூலையிலும் பிரித்துப் போடுகிற குடும்பம் எங்களுடையது. இவர் போட்டிருந்ததோ சர்க்கரைக்காரர்களுக்கென்று விற்கிற மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு, வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் அதை விட்டுவிட்டுப் போக எனக்கென்ன பைத்தியமா? இரண்டு ஜோடியையும் பாலித்தீன் பையில் சுற்றி, தோள்பைக்குள் திணித்துக்கொண்டேன். "சாமி பாத்துக்கிட்டுதான் இருக்கும்" என்றார் இவர். "பாக்கட்டும், செருப்பு வாங்கித் தராதுல்ல" என்றேன். அந்த வாயை எதில் கொண்டு போய் அடிப்பது!

எல்லைக்கல்லிலிருந்து முதல் கல்திட்டைவரை முக்கால் கிலோமீட்டர் இருக்கும். மண்ணும் சருகுமாக நல்ல தடம், வெறுங்காலுக்குக் குளுகுளுவென்று இருந்தது. உசிலையும் வேம்பும் மேலே கூடி நின்றன. ஆல விழுதைப் பிடித்துக்கொண்டு இவர் ஒரு போட்டோ எடுக்கச் சொன்னார். எடுத்தேன். எடுக்கும்போதுதான் காட்டில் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை என்று கவனித்தேன். வரும்போது கேட்டுக்கொண்டிருந்ததே, எப்போது நின்றது? கொஞ்ச தூரத்தில் தடத்துக்கு நடுவே சாணி, முறம் அகலத்துக்கு. மாட்டுச் சாணிதானே என்று இவர் தாண்டிப் போனார். எந்த ஊர் மாடு இவ்வளவு பெரிதாகப் போடும்? அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"ஏங்க, திரும்பிருவோம்."

"வந்ததே வந்தோம், கல்லப் பாத்துட்டுப் போயிருவோம். இந்தா தெரியுதுல்ல."

நிஜமாகவே தெரிந்தது. மரங்கள் விலகிய ஒரு சின்ன வெட்டவெளியில் நான்கு கல்திட்டைகள். மூன்று சரிந்து கிடந்தன. ஒன்று மட்டும் முழுசாக, எங்கள் வீட்டுக் கட்டிலைவிடக் கொஞ்சம் சின்னதாக நின்றது. மூடிக்கல் ஒரு முழக் கனம் இருக்கும். அதன் மேல் கை வைத்து, "இதத் தூக்கி வச்சவன் எவன்டி" என்று இவர் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான் முதல் வெடி வெடித்தது.

தெற்கே, தோட்டங்கள் இருக்கிற பக்கத்திலிருந்து. தொடர்ந்து தகரம் அடிக்கிற சத்தம், ஆட்கள் ஹோய் ஹோய் என்று கத்துகிற சத்தம். அடுத்து மரங்களுக்குள் எதுவோ முறிய ஆரம்பித்தது. ஒரு பக்கம் இல்லை, அகலமாக, எங்களைப் பார்த்து வருகிற மாதிரி முறிந்தது. பாதத்துக்குக் கீழே மண் அதிர்ந்தது. வெறுங்காலில் நின்றதால் அது எலும்புவரை ஏறியது. செருப்பு போட்டிருந்தால் அவ்வளவு தெரிந்திருக்காது.

ஓடக்கூடாது. இவர் ஓடவே கூடாது. எனக்கு அந்த ஒன்றுதான் மண்டையில் ஓடியது. இவரைக் குனிய வைத்து, தலையைப் பிடித்து அமுக்கி, அந்தக் கல்திட்டைக்குள் தள்ளினேன். நானும் பின்னாலேயே புகுந்து இவர் மேல் சாய்ந்துகொண்டேன். திறந்திருந்த பக்கம் வழியாகக் கால்கள் தெரிந்தன. கறுத்த உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி. காட்டுமாடு. ஒன்று, அடுத்து மூன்று, பிறகு எண்ண முடியவில்லை. ஒரு மாட்டின் விலா கல்லில் உரசிக்கொண்டு போனது. மேலிருந்து மண் எங்கள் தலையில் கொட்டியது.

அப்போது இவர் கையை நெஞ்சில் வைத்தார்.

நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை பைக்குள் இருக்கிறது. கையை விட்டேன். செருப்பு. இன்னும் உள்ளே விட்டேன். மறுபடி செருப்பு. பாலித்தீன் பை கையில் சுற்றிக்கொண்டு விட மாட்டேன் என்கிறது. மாத்திரை அதற்கெல்லாம் அடியில். வெளியே எடுத்துக் கொட்டவும் பயம், சத்தம் கேட்டு ஒன்று திரும்பிவிட்டால்? அந்தக் கல்லுக்குள் எந்தக் காலத்திலோ படுக்க வைத்திருந்தவரிடம் மனசுக்குள் கெஞ்சினேன். யாரய்யா நீ, செத்த நேரம் தள்ளிப் படு, எங்களுக்கு இடம் விடு, ஆனால் இவரை இங்கேயே இருக்கச் சொல்லிவிடாதே.

மாத்திரை கையில் சிக்கியதும் இவர் வாய்க்கருகே கொண்டு போனேன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வலிக்கலடி," என்றார், காதோடு. "பயமா இருக்கு."

கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் இவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. எனக்கும்தான் என்று சொன்னேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் இறுக்கிக்கொண்டு, மாடு போன பிறகும் வெகு நேரம் வெளியே வரவில்லை.

எல்லைக்கல்லுக்குத் திரும்பியபோது ஆறேழு பேர் தகரமும் கையுமாக நின்றார்கள். முன்னால் நின்ற பெண் எங்களைக் கண்டதும் கையிலிருந்த வெடிக்கட்டைக் கீழே போட்டுவிட்டாள். பாண்டியம்மா என்று பேர், பக்கத்து மல்லிகைத் தோட்டத்துக்காரி. விடிகாலையில் அவள் தோட்டத்தை மிதித்துவிட்டுக் காட்டுக்குள் ஒதுங்கிய மந்தையைத்தான் மலைக்கு விரட்டியிருக்கிறார்கள்.

"அக்கா, நீங்க உள்ளயா இருந்தீக?" எங்கள் வெறுங்காலைப் பார்த்தாள். "ஒங்க செருப்பு எங்க?"

பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"வெடி போடுறதுக்கு முன்னால நான்தானக்கா வந்து கல்லடியப் பாத்தேன். செருப்பு கெடந்தா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம். யாரு செருப்புன்னு பாத்தாலே எங்களுக்குத் தெரிஞ்சிரும். பேரச் சொல்லிக் கத்தி, வெளிய கூப்புட்டு, அப்பறந்தான் வெரட்டுவோம். ஒண்ணுமில்லன்னு பாத்துட்டு வெடிய நான்தான் பத்த வச்சேன். அண்ணனுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா நான் என்ன பண்ணுவேன்?"

அவள் அழுதாள். எனக்குத் திட்டு விழுந்திருந்தால்கூடத் தேவலை. தன்னைத் தங்கச்சியாக நினைத்துக்கொள்ளச் சொல்லி இரண்டு முழம் மல்லிகை கொடுத்தாள், வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். காட்டைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். கூட்டம் சேர்ந்தால் செருப்பைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது, ஊர்ப் பேரை மட்டும் போடாதீக என்றாள். அதனால்தான் போடவில்லை.

போக விரும்புகிறவர்கள் கொடைரோட்டில் விசாரித்துப் போங்கள். காலை ஒன்பதுக்கு மேல் போங்கள். அன்று மந்தை இறங்கியதா என்று தோட்டத்தில் கேட்காமல் உள்ளே கால் வைக்காதீர்கள். சூடான சாணியைப் பார்த்தால் வந்த தடத்தில் திரும்பிவிடுங்கள், கல் எங்கும் போகாது. மாத்திரையைப் பையில் அல்ல, சட்டைப் பையில் வையுங்கள். செருப்பை எல்லைக்கல்லில் விடுங்கள். தொலைந்தால் தொலையட்டும்.

எங்கள் குடியிருப்பிலும் செருப்புத் திருட்டு உண்டு, அதனால் எப்போதும் வீட்டுக்குள்தான் வைப்பேன். இப்போது இவருடைய செருப்பை வாசலிலேயே விடச் சொல்லியிருக்கிறேன். காலையில் தனியாகத்தான் நடக்கப் போகிறார், நான் பின்னால் போவதில்லை. மிஷினில் தைத்துக்கொண்டே இருப்பேன். அவர் திரும்பி வந்து குளிக்கப் போன பிறகு பயம் வந்தால், எழுந்து போய்க் குளியலறைக் கதவைத் தட்டுவதில்லை. வாசல் கதவைத் திறந்து கீழே பார்க்கிறேன். இரண்டும் கிடக்கின்றன. உள்ள ஆள் இருக்கு.