பதினேழாம் இலக்கத்துப் பிள்ளைகள்

யோகலிங்கத்தின் வாயில் "ஏலாது" என்ற சொல்லை மட்டும் ஆண்டவன் வைக்க மறந்துவிட்டான்.

எண்பதுகளின் நடுவில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு லண்டனில் வந்து இறங்கிய எங்கள் இளைஞர்களுக்குச் சோற்றுக்கு முன் தேவைப்பட்டது ஒரு விலாசம். இன்று ஒருவன் வீட்டுத் தரையில், நாளை இன்னொருவன் வீட்டுச் சோபாவில் படுக்கிறவனைக் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தின் கடிதம் எப்படித் தேடிப் பிடிக்கும்? எல்லோரும் யோகலிங்கத்தின் விலாசத்தைக் கொடுத்தார்கள். தபால்காரர் கட்டுக் கட்டாகக் கடிதங்களைத் தள்ளிவிட்டு, "இது வீடா, ஹொட்டேலா?" என்று கேட்பார். அந்தக் கடிதங்களில் பலருடைய உயிர் இருந்தது. அந்தப் புண்ணியத்தை நான் கேலி செய்யமாட்டேன்.

கேலி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

பகலில் பெட்ரோல் ஸ்டேஷன், மாலையில் களஞ்சியம் என்று உடம்பை உருக்கி, யோகலிங்கம் ஹரோவில் பதினேழாம் இலக்க வீட்டை வாங்கினார். வீடு பழையது. மாடிப்படியின் மூன்றாவது படி ஆடும். காலை வைத்தவரை முன்னே தள்ளிவிடும். ஆனால் மாடி யன்னலைத் திறந்தால் எதிரே பீச்குறோவ் பள்ளிக்கூடத்தின் விளையாட்டுத் திடல். அந்த யன்னலுக்காகவே அவர் வீட்டை வாங்கினார். தன் ஒரே மகள் நிரோஜினி அந்தத் திடலைக் கடந்து வகுப்புக்குப் போவதைக் கண்ணாரக் கண்டுவிட்டால் பிறவிப் பயன் கிடைத்தது என்று மனைவி சந்திரவதனாவிடம் சொல்லுவார். சொல்லும்போதெல்லாம் கண் கலங்கும்.

அந்த நேரம் பார்த்துத்தான் புதுச் சட்டம் வந்தது. எந்தப் பெற்றோரும் எந்த அரசுப் பள்ளியையும் கேட்கலாம், இடமிருந்தால் மறுக்கக்கூடாது. எங்கள் சனம் சட்டத்தின் முதல் பாதியைக் கேட்டுக் குளிர்ந்தது. கேட்கிறவர்கள் கூடினால் கிட்ட இருக்கிற பிள்ளைக்கே முதலிடம் என்ற மறுபாதியையும் கேட்டது. அதற்கும் கைவசம் மருந்து இருந்தது.

முதலில் வந்தவள் சித்தப்பா மகள் தவமலர், வெம்பிளியில் இருந்து, ஒரு பெட்டி மாம்பழத்தோடு.

"அண்ணை, எங்கடை பக்கத்துப் பள்ளிக்கூடம் சரியில்லை. பெடியள் கழுத்திலை ரை கட்டிறேல்லை."

"ரை கட்டாட்டில் படிப்பு ஏறாதோ, தங்கச்சி?"

"பகிடி விடாதேங்கோ. உங்கடை விலாசம் மட்டும் தாங்கோ. வீட்டையோ கேக்கிறன்?"

"ஓம், அதுக்கென்ன" என்றார் யோகலிங்கம்.

அடுத்தது நண்பன் கஸ்பரின் மனைவி பெர்னடெற். "யோகண்ணை, தவத்துக்குக் குடுத்தனீங்களாம். நாங்கள் வேதக்காரர் எண்டு எங்களை ஒதுக்கிப்போடாதேங்கோ." சமயச் சண்டைக்குப் பயந்து அங்கேயும் ஓம். பிறகு மாமன் வழி, மச்சாள் வழி, வழியே தெரியாத வழி. அந்த வசந்தத்தில் மூன்று அறை வீட்டில் நிரோஜினியின் வயதிலேயே இன்னும் ஒன்பது பிள்ளைகள் பிறந்து வளர்ந்திருந்தார்கள்.

பள்ளி இடங்களைப் பகிரும் கவுன்சிலுக்கும் கணக்குத் தெரியும். சனிக்கிழமை காலை திருமதி கோல்மன் என்ற அதிகாரி வீட்டைப் பார்க்க வருவார் என்று தகவல் வந்தது.

தவமலர் அன்றே நாடக இயக்குநர் ஆனாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டில் மூலை, ஒரு பல்துலக்கி, இரண்டு சட்டை. இடம் போதாமல் நிரோஜினியின் தலையணை, புத்தகம், உடுப்பு எல்லாம் கூரைக்கடியில் உள்ள பரணுக்கு ஏறின. பிறகு நிரோஜினியையே என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. அவளுக்குப் பொய் வராது. ஒருமுறை தொலைபேசியில் யாரோ தகப்பனைக் கேட்டபோது, "அப்பா வீட்டில் இல்லையாம், அப்பாதான் சொன்னார்" என்றவள்.

"அவளை வழமைபோலத் தமிழ் வகுப்புக்கு அனுப்புங்கோ" என்றாள் தவமலர்.

"எங்கடை பிள்ளையை அவ பாக்க வேண்டாமே?" என்றாள் சந்திரவதனா.

"அவளுக்கென்ன பயம்? அவள் உண்மையாவே இஞ்சை இருக்கிறவள்தானே" என்றார் யோகலிங்கம்.

ஐயோ, அப்பாவித் தகப்பனே!

சனிக்கிழமை காலை, ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் தமிழ் வகுப்பைக் கள்ளமடித்து யோகலிங்கத்தின் வீட்டில் வசித்தார்கள். அந்த வீட்டில் உண்மையாக வசித்த பிள்ளை மட்டும் வகுப்பில் ஆத்திசூடி சொல்லிக்கொண்டிருந்தது.

திருமதி கோல்மன் வந்தார். மாடிக்கு ஏறும்போது மூன்றாவது படி அவரை முன்னே தள்ளியது. அறையைக் காட்டுகிறேன் என்று ஓடிய தவமலரின் மகன் அதே படியில் தடுக்கி விழுந்தான். பின்னால் வந்த பெர்னடெற்றின் மகள் அவன்மேல் விழுந்தாள். அதிகாரி எல்லாவற்றையும் பார்த்தார்.

"உன் கட்டில் எது?" என்று ஒருவனைக் கேட்டார். நான்கு பேர் ஒரே கட்டிலைக் காட்டினார்கள். கடைசியாக, காலையில் இருந்து அடக்கிக்கொண்டிருந்த ஒரு சிறுவன் அவரிடமே ஆங்கிலத்தில் கேட்டான்: "மிஸ், இந்த வீட்டில் கழிப்பறை எங்கே?"

தவமலர் பல்லை நறநறவென்று கடித்தாள்.

கீழே வந்து திருமதி கோல்மன் தேநீர் குடித்தார், இரண்டு றோல்ஸ் சாப்பிட்டார், வாயைத் துடைத்தார். "நிரோஜினி என்றொரு பெயரும் இருக்கிறதே. அந்தப் பிள்ளை எங்கே?"

"வகுப்பில்" என்றார் யோகலிங்கம்.

"சனிக்கிழமையிலா?" அவர் இரக்கத்தோடு சிரித்தார். "அவளுடைய கட்டில், உடுப்பு, ஏதாவது?"

யோகலிங்கம் பரணை நினைத்தார்.

"மிஸ்டர் யோகலிங்கம், என் முடிவைச் சொல்கிறேன். இந்த வீட்டில் பிள்ளைகள் யாருமே இல்லை. உங்கள் விலாசத்தில் எவருக்கும் இடம் கொடுக்க முடியாது."

யோகலிங்கத்தின் கண்முன் மாடி யன்னல் இருண்டது. உழைத்த உழைப்பெல்லாம் அந்தத் திடலின் புல்லில் கரைந்து போனது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். எதிரே மாம்பழம் தந்த தவமலர், செபமாலையை உருட்டிய பெர்னடெற், சொந்தங்களின் ஒன்பது சோடிக் கண்கள். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

அப்போது கதவுப் பூட்டில் திறப்புப் போடும் சத்தம். மழையில் நனைந்த நிரோஜினி உள்ளே வந்தாள். சப்பாத்தைப் பார்க்காமலே கழற்றி மூலைக்கு எறிந்தாள். யாரையும் கவனியாமல் மாடிக்கு ஓடினாள். மூன்றாவது படியைக் குனிந்தும் பாராமல் தாண்டி நாலாவதில் கால் வைத்தாள். திருமதி கோல்மனின் புருவம் உயர்ந்தது.

மேலேயிருந்து அழுகுரல் வந்தது. "அப்பா! என்ரை தலையணை எங்கை? என்ரை கட்டிலிலை ஆர் சப்பாத்தோடை இருந்தது?"

திருமதி கோல்மன் மெதுவாகக் கேட்டார்: "இவளா?"

"இவள்தான்."

"மற்றவர்கள்?"

தவமலர் தலையை அசைத்தாள், ஓம் எண்டு சொல்லுங்கோ அண்ணை என்று. மேலே ஈரக் காலுறையோடு மகள் தேம்பும் சத்தம் கேட்டது. தன் பிள்ளையைத் தானே பரணில் ஏற்றிவிட்டோமே என்று அந்தத் தகப்பனின் நெஞ்சு வெடித்தது.

"இல்லை. மற்றவை ஒருத்தரும் இஞ்சை இல்லை." பிறகு தவமலரைப் பார்த்து, வாழ்க்கையில் முதன்முறையாகச் சொன்னார்: "ஏலாது, தங்கச்சி."

தவமலர் மிச்சமிருந்த மாம்பழங்களை எண்ணாமல் அள்ளிக்கொண்டு போனாள். சொந்தம் முழுவதும் அவருடன் பேச்சை நிறுத்தியது. கூப்பிடாத கலியாணங்களால் அவருடைய வார இறுதிகள் செழித்தன.

இரண்டு வருடம் கழித்துத் தவமலர் அதே தெருவில் வீடு வாங்கி வந்தாள், கடைக்குட்டிக்காக. வந்த கையோடு கவுன்சிலுக்கு முறைப்பாடு எழுதினாள்: கள்ள விலாசம் கொடுக்கிறவர்களால் நேர்மையான குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இடமில்லாமல் போகிறதாம்.

யோகலிங்கமோ காலையில் மாடி யன்னலில் நின்று, நிரோஜினி திடலைக் கடப்பதைப் பார்ப்பார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்குவார். மூன்றாவது படியைத் திருத்தச் சொல்லி சந்திரவதனா ஓயாமல் நச்சரித்தாள்.

"அதை ஒருத்தரும் தொடப்படாது. எங்கடை பிள்ளை இஞ்சைதான் இருக்குதெண்டு சாட்சி சொன்னது அது ஒண்டுதான்" என்றார் அவர்.