அப்பா, அண்ணன்... நான்?

போன வாரம் அண்ணனின் மூளை ஸ்கேன் படத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அண்ணனை உங்களுக்குத் தெரியாது. பீச் ஸ்திரீட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்தவர். ஐம்பதுகூட ஆகவில்லை, அதற்குள் இரண்டு ஸ்ட்ரோக். காலை இழுத்து நடக்கிறார். வார்த்தை தேடித்தான் வருகிறது. மனைவியை இழந்த அவரும் கல்யாணம் ஆகாத நானும்தான் வீட்டில்.

டாக்டர் இளம்பெண், தமிழ்தான். படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். மூளையெங்கும் வெள்ளைத் திட்டுகள்.

"அப்பாவுக்கும் இப்படித்தானாக்கா?"

"ஆமா டாக்டர். ஸ்ட்ரோக்லதான் போனாரு. இதே வயசு."

"குடும்பத்துல இறங்கி வர்ற நோயா இருக்கலாம். மூளையில இருக்கிற சின்னச் சின்ன ரத்தக் குழாய்ங்க தடிச்சுப் போயிடும்." என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு ஒத்தைத் தலைவலி வருமா?"

வரும். சின்ன வயதிலிருந்தே. கண்முன்னால் வளைந்து வளைந்து ஒரு வெளிச்சம்... அப்புறம் வலி. சொன்னேன். டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார்.

"எல்லாத் தலைவலியும் இது இல்லக்கா. ஆனா இதுலயும் முதல்ல அப்படித்தான் வரும். இப்ப ரத்த டெஸ்ட் இருக்கு, வெளிநாட்டுக்கு அனுப்பணும்."

"இருக்குன்னு தெரிஞ்சா மருந்து இருக்கா?"

"இல்ல. பிரஷர ஏற விடக்கூடாது. சிகரெட் ஆகவே ஆகாது. பிடிக்கிறவங்களுக்கு ஸ்ட்ரோக் சீக்கிரமே வந்துடுது."

அண்ணன் ஜன்னலைப் பார்த்தார். முதல் ஸ்ட்ரோக்குக்குப் பிறகும் அவர் விடாத சிகரெட். நான் கெஞ்சியும் ஆயிற்று, சண்டை போட்டும் ஆயிற்று.

திரும்பும்போது டாக்சியில், பாடாங் கோத்தா கடற்கரைத் திடலைத் தாண்டியதும்தான் வாயைத் திறந்தார்.

"உனக்குமா?"

"தெரியலண்ணே. இருக்கலாம்."

"என்னப் பாத்துக்க... நீ இருக்க." நிறுத்தினார். வார்த்தை தேடுகிறார் என்று காத்திருந்தேன். வார்த்தை கிடைத்துவிட்டது, சொல்லத்தான் முடியவில்லை. "உன்ன யாரு?"

இதற்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

"பாத்துக்கலாம்லா," என்றேன்.

மறுநாள் காலை குப்பைத் தொட்டியில் சிகரெட் பெட்டியும் லைட்டரும் கிடந்தன. அன்றிலிருந்து அண்ணன் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார் – ஆனால் சிகரெட்டைத் தொடவில்லை. தன் உயிர் என்றால் அலட்சியம், அடுத்தவர் உயிர் என்றால் பயம்... மனிதர்கள் இப்படித்தான் போலிருக்கிறது.

நான் இன்னும் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கவில்லை. முடிவு வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? அண்ணனிடம் முடியாது. வேறு ஆளும் இல்லை.

பிரஷருக்காகச் சமையலில் உப்பைக் குறைத்தேன் – வீட்டில் பேச்சு தானாகவே குறைந்துவிட்டது.